பாக்கெட்டில் இருப்பது யாருடைய நோய்?

மாரடைப்பு வந்து, ஆஞ்சியோ பார்த்து, ஸ்டென்ட் வைத்து, பிழைத்து வீடு திரும்பியவர்களில் எத்தனை பேர் மறுபடி சிகரெட்டைத் தொடுகிறார்கள்? ஐரோப்பிய இதயநோய் மருத்துவர்கள் பல நாடுகளில் ஆண்டுக்கணக்காக நடத்திவரும் யூரோஆஸ்பயர் ஆய்வுகளில் இதற்கு விடை இருக்கிறது. நோய் தாக்குவதற்கு முன்பு புகைத்துக்கொண்டிருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர். இவர்கள் விஷயம் தெரியாதவர்கள் அல்ல. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸில் போனவர்கள். காலை, மதியம், இரவு என்று மாத்திரைப் பெட்டியோடு குடித்தனம் நடத்துகிறவர்கள். சிகரெட் கெடுதல் என்பதை இவர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பாக்கெட்டின் மேல் அச்சடித்திருக்கும் எச்சரிக்கையோ இவர்களிடமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அந்த எச்சரிக்கை முதலில் எழுதப்பட்டது நலமாக இருந்தவர்களுக்காக. 1964 ஜனவரி 11 அன்று அமெரிக்காவின் சர்ஜன் ஜெனரல் லூதர் டெர்ரி, புகைப்பழக்கம் ஆண்களுக்கு நுரையீரல் புற்றுநோயை உண்டாக்குகிறது என்ற அறிக்கையை வெளியிட்டார். பங்குச்சந்தை ஆட்டம் கண்டுவிடக் கூடாது என்று சனிக்கிழமையாகப் பார்த்து வெளியிட்ட அறிக்கை அது. அடுத்த ஆண்டு சட்டம் வந்தது. 1966 முதல் அமெரிக்கப் பாக்கெட்டுகளின் பக்கவாட்டில், புகைப்பது உடல்நலத்துக்குக் கேடாக இருக்கக்கூடும் என்று ஒரு வரி பொடி எழுத்தில் ஏறியது. அன்றைக்கு அது உண்மையிலேயே செய்தி. டாக்டர் வேஷம் போட்டவர்கள் சிகரெட் விளம்பரத்தில் சிரித்துக்கொண்டிருந்த காலம் முடிந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை.

அதன் பிறகு எழுத்து படமானது, படம் பெரிதானது. ஐஸ்லாந்து 1985-ல் படம் போட்டது. கனடா 2001 முதல் பாக்கெட்டில் பாதியை வண்ணப் புகைப்படத்துக்கு ஒதுக்கியது. இந்தியாவில் 2009 மே 31 அன்று முன்பக்கத்தில் 40 சதவீதமாகத் தொடங்கி, 2016 ஏப்ரலில் இரண்டு பக்கமும் 85 சதவீதம் என்றானது. இலங்கை 2015-ல் 80 சதவீதத்துக்குப் போனது, நேபாளம் 90. ஒவ்வொரு அங்குலத்துக்கும் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. இந்தியாவின் 85 சதவீத விதியைக் கர்நாடக உயர்நீதிமன்றம் 2017 டிசம்பரில் ரத்து செய்தது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை போட்டது. பலனில்லாத ஒன்றை எதிர்த்து இவ்வளவு வக்கீல் கட்டணம் யாரும் அழமாட்டார்கள் என்பது என் எண்ணம். ஆனாலும் எண்ணம் ஆதாரமாகாது. ஆதாரம் தனியாக இருக்கிறது.

வட கரோலினா, கலிபோர்னியா மாநிலங்களில் நோயல் புரூவர் குழுவினர் 2,149 புகைப்பவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தி, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேரின் பாக்கெட்டில் நான்கு வாரம் படத்தோடு கூடிய எச்சரிக்கை. மீதிப் பேருக்குப் பழைய எழுத்து எச்சரிக்கை. யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில். எழுத்து மட்டும் பார்த்தவர்களில் 34 சதவீதம் பேர் அந்த நான்கு வாரத்துக்குள் நிறுத்திப் பார்த்தார்கள்; படம் பார்த்தவர்களில் 40 சதவீதம். சோதனை முடியும்போது குறைந்தது ஒரு வாரமாகத் தொடாமல் இருந்தவர்கள் 3.8 சதவீதம், 5.7 சதவீதம். சின்ன வித்தியாசம்தான். ஆனால் இதற்கு ஊசி இல்லை, மாத்திரை இல்லை, ஆலோசகர் சம்பளம் இல்லை. கோடிக்கணக்கான பாக்கெட்டுகளில் ஒரே நாளில் செய்யக்கூடிய வேலை.

இந்தச் சோதனையில் எனக்குச் சுவையாகப் படுவது வேறொரு விஷயம். படம் பார்த்தவர்களுக்கு, புகைப்பதால் தங்களுக்கு ஆபத்து வரும் என்ற நம்பிக்கை பெரிதாக ஒன்றும் கூடிவிடவில்லை. அது ஏற்கெனவே இருந்தது. கூடியது அருவருப்பும் பயமும். கையில் எடுத்த சிகரெட்டைத் திரும்ப வைத்தது கூடியது. இன்னொன்று, பேச்சு கூடியது. விடுவதைப் பற்றி வீட்டில், நண்பர்களிடம் பேசுவது அதிகமாயிற்று. பாக்கெட் சாப்பாட்டு மேஜையில் கிடக்கும்போது அதைப் பார்ப்பவர் புகைப்பவர் மட்டுமல்ல. “என்னப்பா இது, இதைப் பார்த்துமா பிடிக்கிறே?” என்று மகள் கேட்க ஒரு சாக்கு கிடைக்கிறது. ஆக, படம் பாடம் நடத்துவதில்லை. தெரிந்ததைத் தெரிந்த இடத்திலேயே கிளறிவிடுகிறது.

இப்போது அதே பாக்கெட்டைப் பத்து வருடச் சர்க்கரைநோயாளி ஒருவர் கையில் வைத்துப் பாருங்கள். கால் மரத்துப்போகத் தொடங்கியிருக்கிறது. பாக்கெட்டில் இருப்பதோ வாயோ தொண்டையோ புற்றால் கிழிந்த முகம். இந்தியப் பாக்கெட்டுகளில் கடந்த பல ஆண்டுகளாகப் பெரும்பாலும் இவையே மாறி மாறி வருகின்றன. அவருக்கு அது அடுத்தவர் நோய். ‘நமக்கு அது இல்லை’ என்று ஒரு சின்ன நிம்மதிகூட எழலாம். அவர் காலை அரிப்பது அதே புகைதான் என்று பாக்கெட் சொல்லவில்லை.

புகைப்பதால் டைப் 2 சர்க்கரைநோய் வரும் வாய்ப்பு 30 முதல் 40 சதவீதம் வரை கூடுகிறது என்று 2014-ல் அமெரிக்க சர்ஜன் ஜெனரல் அறிக்கை தெளிவாகச் சொன்னது. வந்த பிறகு புகைத்தால் கால் ரத்தக்குழாய்களை இரண்டு பேர் சேர்ந்து அடைப்பது மாதிரி: சர்க்கரை ஒரு பக்கம், புகை மறுபக்கம். ஆஸ்திரேலியா 2006-ல் போட்ட படங்களில் ஒன்று அழுகிக் கறுத்த கால்விரல்கள். மருத்துவர்களுக்கு அது மிகப் பழக்கமான காட்சி. புகைப்பவர்களில் பலர் சிகரெட்டுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று அந்தப் படத்தைப் பார்த்துத்தான் கேட்டிருப்பார்கள்.

காலைப் பற்றிப் பேசும்போது பர்ஜர் நோயைச் சொல்லாமல் நகர முடியாது. நியூயார்க்கில் லியோ பர்ஜர் 1908-ல் விவரித்த இந்த நோய், நம் நாட்டில் பீடி பிடிக்கும் இளம் ஆண்களிடம் நிறையப் பார்க்கப்படுவது. கை கால்களின் சிறு ரத்தக்குழாய்கள் வீங்கி, உள்ளே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். முதலில் நடந்தால் ஆடுசதை வலி. பிறகு உட்கார்ந்திருந்தாலே வலி. ராத்திரி காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப்போட்டால்தான் கொஞ்சம் அடங்கும். பிறகு விரல் நுனி கறுக்கும். இந்த நோய்க்குப் புகையிலையை அடியோடு நிறுத்துவதைப் போல மருந்து வேறில்லை. நிறுத்தியவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கால் தப்பிவிடுகிறது. நாளைக்கு ஒன்றிரண்டு பீடி தொடர்ந்தாலும் நோய் அணையாது. இவ்வளவு தெளிவான காரணமும் இவ்வளவு தெளிவான பரிகாரமும் உள்ள நோய்கள் மருத்துவத்தில் குறைவு. இருந்தும் விரல்களை இழந்த பிறகு, மிச்சமிருக்கும் விரல்களில் புகைத்தவர்களை மருத்துவ நூல்கள் பதிவுசெய்திருக்கின்றன. அவர்களுக்குப் பாக்கெட் காட்டுகிற எந்தப் படமும் அவர்களுடைய சொந்தக் காலைவிடப் பயங்கரமாக இருக்க முடியாது. பயத்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் போதும் என்ற கணக்கு இங்கே வந்து உடைகிறது.

தமிழ்நாட்டுக்கு இன்னொரு கணக்கு உண்டு. சென்னையைச் சேர்ந்த வி. கஜலட்சுமியும், ஆக்ஸ்போர்டின் ரிச்சர்ட் பீட்டோவும், அவர்களுடைய சகாக்களும் சென்னை நகரத்திலும் விழுப்புரம் பகுதிக் கிராமங்களிலும் இறந்துபோன சுமார் 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை வீடு வீடாகக் கேட்டறிந்து, உயிரோடு இருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டார்கள். 2003-ல் வெளியான அந்த ஆய்வில் முன்னால் வந்து நின்றது புற்றுநோய் அல்ல, காசநோய். நகரத்தில் புகைத்தவர்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு, புகைக்காதவர்களைப் போல் நான்கரை மடங்கு. இந்தியாவில் ஆண்களின் காசநோய் மரணங்களில் ஏறத்தாழப் பாதிக்குப் புகை காரணம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். டிபி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே பீடி பிடிக்கிறவருக்கு இதைவிட நேரான எச்சரிக்கை இருக்க முடியாது. பீடிக்கட்டின் லேபிளில் அந்த நோயின் பெயரைத் தேட வேண்டியிருக்கிறது.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020-ல் தேர்ந்தெடுத்த 11 எச்சரிக்கைகள் இந்த வகையில் முன்னேற்றம். சர்க்கரை அளக்கும் குளுக்கோமீட்டர், மூக்கில் ஆக்சிஜன் குழாய், கண்புரை, விரல்கள் துண்டிக்கப்பட்ட பாதம் என்று நாள்பட்ட நோய்களுக்கு இடம் கொடுத்தார்கள். விதி வந்தும், வழக்குகளில் சிக்கி ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது.

சரி, நோய்க்கு ஏற்ற படம் போட்டுவிட்டால் போதுமா? ஆக்சிஜன் குழாயோடு இருப்பவரிடம் ஆக்சிஜன் குழாய் படத்தைக் காட்டினால் அவர் என்ன செய்வார்? கண்ணைத் திருப்பிக்கொள்வார். இது ஊகம் அல்ல. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் முனாஃபோ குழுவினர் கண்ணின் அசைவைப் பின்தொடரும் கருவியை வைத்துச் சோதித்தார்கள். பிராண்டு அலங்காரத்தை நீக்கிய வெற்றுப் பாக்கெட்டைக் காட்டியபோது, புகைக்காதவர்களும் எப்போதாவது புகைப்பவர்களும் எச்சரிக்கையை அதிகம் பார்த்தார்கள். தினமும் புகைப்பவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. பின்னர் வந்த சோதனைகளில் அவர்கள் எச்சரிக்கையிலிருந்து பார்வையை விலக்கிக்கொள்வதே தெரிந்தது.

கிம் விட்டே என்ற தகவல்தொடர்பு ஆய்வாளர் 1992-ல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். அச்சுறுத்தும் செய்தி வந்ததும் மனம் இரண்டு கேள்வி கேட்கிறதாம்: இது என்னைத் தொடுமா? தொட்டால், என்னால் ஏதாவது செய்ய முடியுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் மனிதர் ஆபத்தைச் சமாளிக்கப் பார்க்கிறார். முதல் கேள்விக்கு ஆம், இரண்டாவதற்கு இல்லை என்றால் ஆபத்தை விட்டுவிட்டுப் பயத்தைச் சமாளிக்கப் பார்க்கிறார். பாக்கெட்டைக் கவிழ்த்து வைப்பது, சிகரெட்டை வேறு டப்பாவுக்கு மாற்றிக்கொள்வது, “எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் சுருட்டு பிடிச்சாரு” என்பதெல்லாம் இந்த இரண்டாவது வேலை. நலமானவருக்கு முதல் கேள்வியில் தடுக்கும். நோயாளி அதைத் தாண்டி, இரண்டாவதில் நின்றுவிடுகிறார். “வர வேண்டியது வந்தாச்சு, இனிமே விட்டா என்ன, விடாட்டா என்ன?”

கண்ணைத் திருப்புகிறவரை உடனே கைகழுவிவிடவும் வேண்டாம். டேவிட் ஹாமண்டும் சகாக்களும் கனடாவில் செய்த ஆய்வில், படத்தைத் தவிர்க்க முயன்றவர்கள் விட முயல்வதில் மற்றவர்களைவிடப் பின்தங்கிவிடவில்லை. பயமும் அருவருப்பும் அதிகம் உணர்ந்தவர்களே அதிகம் விட முயன்றார்கள்.

‘இனிமே விட்டா என்ன’ என்பதற்கு அறிவியலில் மிகத் துல்லியமான பதில் இருக்கிறது. பாக்கெட்டில் மட்டும் இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலுமாக, நுரையீரல் அடைப்பு நோய் தொடங்கிவிட்ட 5,887 புகைப்பவர்களை வைத்து 1986-ல் ஓர் ஆய்வு ஆரம்பமானது. ஒரு நொடியில் ஊதித் தள்ளக்கூடிய காற்றின் அளவை வருடக்கணக்கில் அளந்தார்கள். வயது ஏற ஏற எல்லோருக்கும் அது குறையும். பதினோரு ஆண்டுகள் முடிவில் பார்த்தபோது, தொடர்ந்து புகைத்த ஆண்கள் ஆண்டுக்கு 66 மில்லிலிட்டர் இழந்துகொண்டிருந்தார்கள், விட்டவர்கள் 30. போன நுரையீரல் திரும்பவில்லை. போகிற வேகம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பதினோரு ஆண்டில் அது சுமார் 400 மில்லிலிட்டர் வித்தியாசம். நல்ல நுரையீரலுக்கு அது பெரிய தொகை இல்லை. ஏற்கெனவே ஒன்றரை லிட்டரில் ஓட்டுகிறவருக்கு, குளியலறை வரை தானே நடந்து போவதா, ஒருவர் கையைப் பிடிப்பதா என்பதைத் தீர்மானிக்கிற காற்று அது. இதயத்துக்கும் இப்படித்தான். இதயநோய் வந்த பிறகு விட்டவர்களிடம் மரண வாய்ப்பு 36 சதவீதம் குறைவாக இருந்ததாக, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து கிரிட்ச்லியும் கேப்வெல்லும் 2003-ல் எழுதினார்கள். நோயாளிக்குக் கிடைக்கும் லாபம் நலமானவருக்குக் கிடைப்பதைவிட உடனடியானது என்றே சொல்ல வேண்டும்.

எண்ணை எப்படிச் சொல்கிறோம் என்பதிலும் நிறைய இருக்கிறது. இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் கேரி பார்க்ஸ் என்ற மருத்துவரும் சகாக்களும் 35 வயது தாண்டிய 561 புகைப்பவர்களுக்கு ஊதிப் பார்க்கும் சோதனை செய்தார்கள். எல்லோருக்கும் விடச் சொல்லி அறிவுரை உண்டு. ஒரு பாதிக்கு முடிவு வெறும் அளவாகக் கடிதத்தில் போனது. மறுபாதிக்கு அதே முடிவை ‘நுரையீரல் வயது’ என்று மாற்றிச் சொன்னார்கள்: உங்களுக்கு 52 வயது, உங்கள் நுரையீரலுக்கு 75 என்பது போல. ஓர் ஆண்டு கழித்து எச்சில் பரிசோதித்து உறுதிசெய்தபோது, அளவைக் கேட்டவர்களில் 6.4 சதவீதம் விட்டிருந்தார்கள். வயதைக் கேட்டவர்களில் 13.6. இதில் ஒரு வேடிக்கை: நுரையீரல் வயது மோசமாக இருந்தவர்கள்தான் அதிகம் விட்டார்கள் என்றில்லை. ‘உங்கள் நுரையீரல் உங்கள் வயதோடுதான் இருக்கிறது’ என்று கேட்டவர்களும் அதே அளவுக்கு விட்டார்கள். கெட்டுவிட்டது என்ற பயம் சிலரை நகர்த்தியிருக்கலாம். இன்னும் கெடவில்லை, காப்பாற்றிக்கொள்ளலாம் என்ற ஆசை சிலரை நகர்த்தியிருக்கலாம். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது, அது அவரவருடைய சொந்த நுரையீரல் என்பது.

லட்சக்கணக்கில் அச்சாகும் பாக்கெட் ஒவ்வொருவர் நுரையீரலையும் அளந்து பேச முடியாது. ஆனால் ‘என்னால் ஏதாவது செய்ய முடியுமா?’ என்ற அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல முடியும். கனடா அதைச் செய்தது. வெளியே பயமுறுத்தும் படம். உள்ளே, எப்படி விடுவது, விட்டால் என்ன கிடைக்கும் என்று சொல்லும் சிறு தாள். ஜேம்ஸ் த்ராஷர் குழுவினர் தொடர்ந்து கவனித்ததில், அந்தத் தாளை அடிக்கடி படித்தவர்களுக்குத் தங்களால் விட முடியும் என்ற தெம்பு கூடியிருந்தது. விட முயன்றதும், விட்டபடியே இருந்ததும் அதிகம். வெளிப் படம் நாளாக ஆகப் பழகிப்போகிறது. உள் தாளைப் படிப்பது நாளாக ஆகக் கூடியது.

தாளில் எழுத வேண்டியவை நோயாளிக்கு வேறு மாதிரி இருக்கும். உதாரணத்துக்கு இருமல். புகையை நிறுத்திய சில வாரங்களில் சிலருக்கு இருமலும் சளியும் அதிகமாகும். மூச்சுக்குழாயின் உள்சுவரில் சளியை மேலே தள்ளும் நுண்ணிய இழைகள் உண்டு. புகையில் அவை செயலிழந்து கிடக்கும். புகை நின்றதும் எழுந்து, தேங்கிக் கிடந்ததை வாரி வெளியே தள்ள ஆரம்பிக்கின்றன. நோயாளிக்கோ, ‘பிடிச்சப்ப நல்லா இருந்தேன், விட்டதும் இருமல் வந்திருச்சு’ என்று படுகிறது. பீடி இழுத்தால்தான் காலையில் வெளிக்குப் போகும் என்பதும் இதே ரகம். நிக்கோடின் குடலைத் தூண்டுவது உண்மை. விட்டதும் சில நாள் மலச்சிக்கல் வருவதும் உண்மை. சர்க்கரைநோயாளிக்கு எடைப் பயம். விட்ட முதல் ஆண்டில் சராசரியாக நான்கைந்து கிலோ ஏறுவதும், சர்க்கரை அளவு கொஞ்ச காலம் ஏறி இறங்குவதும் நடக்கும். அப்படியும் விட்டவர்களே அதிகம் வாழ்கிறார்கள். இவை எதையும் ஒரு புற்றுநோய்ப் படத்தால் சொல்ல முடியாது.

நம் ஊரில் இன்னொரு சிக்கல், பாக்கெட்டே கண்ணில் படாதது. பெட்டிக்கடையில் பாக்கெட் கடைக்காரர் பக்கம் இருக்கும்; ஒன்றை உருவி நீட்டுவார். கம்பத்தில் கட்டிய கயிற்று முனையில் கனன்றுகொண்டிருக்கும் நெருப்பில் பற்றவைத்துக்கொண்டு நகர வேண்டியதுதான். 85 சதவீதமும் கடைக்காரருக்கு. உதிரி விற்பனையை மகாராஷ்டிரம் 2020-ல் தடைசெய்தது. கனடா 2023-ல் வேறு வழி கண்டது: ஒவ்வொரு சிகரெட்டின் மேலும், பஞ்சுமுனை அருகில், எச்சரிக்கையை அச்சடிக்கச் சொன்னது. உலகில் அதுவே முதல் முறை.

இந்தியாவின் 2016-17 தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பில், எச்சரிக்கையைப் பார்த்து விடலாமா என்று யோசித்ததாகச் சொன்னவர்கள் சிகரெட் பிடிப்பவர்களில் 62 சதவீதம், பீடி பிடிப்பவர்களில் 54 சதவீதம். யோசித்தவர் அடுத்த நொடி என்ன செய்வது? 2018 செப்டம்பர் முதல் இந்தியப் பாக்கெட்டில் 1800-11-2356 என்ற இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு நம் பாக்கெட் தரும் ஒரே பதில் அதுதான். ஆஸ்திரேலியாவில் 2006-ல் படத்தோடு எண்ணையும் சேர்த்துப் போட்டபோது, அந்த ஆண்டு வந்த அழைப்புகள் முந்தைய ஆண்டைப்போல் இருமடங்காயின. உதிரியாக வாங்குகிறவருக்கு மட்டும் எண் போய்ச் சேர்வதில்லை.

அதே ஆள் மாதம் ஒருமுறை பிரஷர், சர்க்கரை மாத்திரை வாங்க அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கிறார். 2021 ஆகஸ்டிலிருந்து, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பல ஊர்களில் மாத்திரை அவர் வீட்டு வாசலுக்கே வருகிறது. கொண்டுவரும் பெண் பணியாளர் அந்தத் தெருவையும் அறிவார், அந்த வீட்டில் யார் பீடி பிடிக்கிறார் என்பதையும் அறிவார். மாத்திரைக் கவரின் மேல் அந்தத் தொலைபேசி எண்ணையும், இதயநோயாளி என்றால் 36 சதவீதத்தையும், மூச்சுத்திணறல்காரர் என்றால் 66-ஐயும் 30-ஐயும் அச்சடித்துவிடலாம். அதை எதிர்த்து எந்தக் கம்பெனியும் கோர்ட்டுக்குப் போக முடியாது.